அஞ்சாவது கோடு

உலகத்தில் எழுதத் தகுந்த எதையும் ஐந்து கோட்டுக்குள் எழுதிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் அடுத்த நாற்காலியில் இருந்த அஞ்சுகோடு அண்ணாச்சிதான். பிரம்மா மட்டும் ஐந்து கோடு போட்டுத் தலையெழுத்தை எழுதியிருந்தால் இத்தனை குழப்பம் வந்திருக்காது என்பார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பகலில் உரக்கடன் பார்ப்பார். முகூர்த்த நாள் வந்தால், சாயங்காலம் சங்கரன்கோவில் மண்டபங்களில் கச்சேரிக்கு, பாட்டுக்கு அடியில் கனத்த சத்தம் போடும் பேஸ் கிட்டார் வாசிப்பார். பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் சர்ச் பாடகர் குழுவோடு சுற்றி ஸ்டாஃப் நொட்டேஷனைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து கோடு, அதன்மேல் கறுப்பு முட்டைகள், முட்டைக்கு வால். காலண்டர் பின்பக்கம், பஸ் டிக்கெட், லீவு விண்ணப்பம் எதையும் அவர் விட்டதில்லை.

ஒருமுறை உரக்கடன் கேட்டு வந்த இளையரசனேந்தல் சம்சாரி ஒருவர் அவர் மேஜையில் கிடந்த தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த லைனு எங்க கெணத்து மோட்டாருக்கு வருதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"வராது. இது பாட்டு."

"அப்ப இம்புட்டுக் குருவி எதுக்கு உக்காந்திருக்கு?"

வீட்டிலும் அதே கோடுதான். "எங்க வீட்டுக்காரி திட்டு ரெண்டாவது கோட்டுல ஆரம்பிக்கும் வே. அஞ்சைத் தாண்டி மேல போயிட்டுன்னா நான் பதிலே சொல்ல மாட்டேன்" என்பார்.

இந்த மனிதரிடம் நான் வகையாக மாட்டிக்கொண்டதற்குக் காரணம் என் இரத்த அழுத்தம். மனதை அமைதியாக வைக்க ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எல்லாரும் வாசிக்கும் கிட்டாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நாலுதான். என் சோம்பேறித்தனத்துக்கு நாலே அதிகம் என்றாலும், அதற்குக் கீழே அந்தக் குடும்பத்தில் ஆள் இல்லை. கடையநல்லூரில் துபாய் போய்த் திரும்பிய ஒருவர் பழைய பேஸ் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டு வாங்கி வந்தேன். ஸ்பீக்கரில் மாட்டாவிட்டால் அது கொசு அளவுக்குத்தான் பாடும். என் மனைவி ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "ஒண்ணுமே கேக்கல, நல்லா இருக்கு" என்றாள்.

ஃபோனில் தேடியபோது டேப் என்ற அற்புதம் கிடைத்தது. நாலு கம்பிக்கு நாலு கோடு. கோட்டின்மேல் ஓர் எண். மூன்று என்று இருந்தால் மூன்றாவது கட்டத்தில் விரலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் சங்கீதம். ஒரே வாரத்தில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். சாவு வீட்டில் துஷ்டிக்கு உட்கார்ந்திருப்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவே வாசிச்சீரு?"

பாட்டைச் சொன்னேன்.

"அப்படியா. நீரு ஏதோ தெருவுல வீட்டு நம்பர் வாசிச்சுக்கிட்டுப் போறீருன்னுல்லா நெனச்சேன்."

பிறகு பொறுமையாக விளக்கினார். "டேப்புன்னா முகூர்த்த நேரம் போடாத கல்யாணப் பத்திரிகை வே. மண்டபம் எங்கன இருக்குன்னு சொல்லிருவான். எப்ப வரணும், எம்புட்டு நேரம் இருக்கணும், ஒண்ணும் கெடையாது. நீரு காலையில போய் நின்னா, சாயங்கால ரிசப்ஷன். நொட்டேஷன்ல முட்டைக்கு வால் இருக்கு பாரும், அந்த வாலுதான் நேரம். நாலு கோட்டத் தொட்ட கையால நான் சாமி கும்பிட மாட்டேன்."

சரி என்று ஐந்து கோட்டில் இறங்கினேன். ஒரு மாதம் முட்டை எண்ணினேன். ஒரு முட்டையைக் காட்டி இதற்கு விரலை எங்கே வைப்பது என்றால், "அங்கன வைக்கலாம், இங்கன வைக்கலாம், மேல போயும் வைக்கலாம். ஒரே சத்தம் மூணு எடத்துல இருக்குல்லா" என்றார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"அப்ப இது நேரம் போட்டு மண்டபம் போடாத பத்திரிகை அண்ணாச்சி. மொய்க் கவர வச்சிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தணும்."

அதோடு பேச்சு நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர் ஸ்டாம்ப் பேடை என்னிடம் கேட்காமல், எழுந்து சுற்றிப்போய் கேஷியர் கோமதியக்காவிடம் வாங்கினார். அக்கா ஒரு வாரம் பார்த்தாள். "சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு நாகராசாவுக ரெண்டு பேரு சண்டை போட்ட ஊருதான் இது. அதுக்கு சாமியே எறங்கி வந்து ஒரே ஒடம்புல பாதி பாதியா நின்னுச்சு. ஒங்க ரெண்டு பேருக்கும் எந்தச் சாமி வரும்?" என்றாள்.

வந்தது அண்ணாச்சியின் மகள் மீனா.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரிசப்ஷனுக்கு அப்பாவிடம் ஒரே ஒரு பாட்டுக் கேட்டாள். குழந்தையாக இருந்தபோது தூங்க அடம்பிடித்தால், அண்ணாச்சி ஒரு சினிமாப் பாட்டின் பேஸ் பகுதியை மட்டும் மெதுவாக வாசிப்பாராம். ராகம், பாட்டு, வார்த்தை எதுவும் கிடையாது. பல வருஷம் கழித்து முழுப் பாட்டை ரேடியோவில் கேட்டவள் ஓடிவந்து, "அப்பா, ஒங்க பாட்டுக்கு யாரோ வார்த்தை போட்டுருக்காங்க" என்றாளாம்.

அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து நின்றார். ஸ்டாம்ப் பேடுக்கு என்று நினைத்தேன்.

"சம்பந்தி வீட்டாளுக வாசல்ல வரும்போது, பொண்ணோட அப்பன் கிட்டார மாட்டிக்கிட்டு மேடையில நின்னா நல்லா இருக்காது வே. நாளைக்கு அவதான் பேச்சுக் கேக்கணும். குழுவுல கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கலாம்ங்கான். அவளுக்கு அது வேற பாட்டு." என் ஸ்டாம்ப் பேடைத் திறந்து மூடினார். "நீரு வாசிப்பீரா?"

"எனக்கு முட்டை தெரியாதே அண்ணாச்சி."

"தெரியும். அதான் இது." மடித்த தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். அவருடைய ஐந்து கோட்டுத் தாள்தான். ஆனால் முட்டைகளைக் காணோம். கீழ் நாலு கோட்டில் எண்கள் உட்கார்ந்திருந்தன. சாட்சாத் டேப். ஒவ்வோர் எண்ணுக்கும் நேரம் சொல்ல ஒரு வால். மேலே ஐந்தாவது கோடு சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சாவது கோட்டுல ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"

"அது எனக்கு வே. இருந்துட்டுப் போகட்டும். நான் நாலு கோட்டுல எழுதல பாத்துக்கிடும்."

கோமதியக்கா தாளை வாங்கிப் பார்த்து, "எண்ணும் வாலும் பாதி பாதி. நம்ம சாமியேதான் வந்திருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ரிசப்ஷன் அன்று மண்டபத்து ஃபேன் காற்றில் தாள் பறக்காமலிருக்கத் துணிக்கொடி கிளிப் நாலு போட்டு மாட்டினேன். வாசலில் அண்ணாச்சி பட்டு வேட்டியில் கைகூப்பி நின்றிருந்தார். பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு வரி நன்றாகப் போயிற்று. மூன்றாவது வரியில் வீடியோக்காரர் என் முகத்துக்கு நேரே விளக்கைத் திருப்பினார். எண் தெரிந்தது, பாட்டில் எங்கே இருக்கிறேன் என்பது தெரியவில்லை. டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். கீபோர்டுக்காரனின் இடது கை, என் பகுதியை எடுத்துக்கொள்ள, மெல்லக் கீழே இறங்கத் தயாரானது.

என்ன செய்வதென்று தெரியாமல் வாசலைப் பார்த்தேன். அண்ணாச்சி கூப்பிய கை கூப்பியபடி, "வாங்க, வாங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் அந்த ஆட்டல் தங்களுக்கு என்று நினைத்தார்கள். வேட்டிக்குக் கீழே வலது கால் தரையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்குள் திரும்ப நுழைந்தேன். மண்டபம் தாளில் இருந்தது, முகூர்த்தம் அவர் காலில் இருந்தது. மேடையில் மீனா, ஃபோட்டோவுக்கு நிற்பவர்களை விட்டுவிட்டு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் அண்ணாச்சி என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"மூணாவது வரியில எங்கவே போனீரு?"

"காப்பி குடிக்கப் போனேன் அண்ணாச்சி."

"திரும்பி வந்தீருல்லா. போதும்." இலையில் இன்னொரு ஜாங்கிரி விழுந்தது.

ஓய்வு பெற்றதும் அவர் மகளோடு ஓசூர் போய்விட்டார். அடுத்த நாற்காலியில் இப்போது இருப்பவர் கணக்கை மட்டுமே எழுதுகிறார். நான் இன்னும் டேப்காரன்தான். ஆனால் எந்தப் பாட்டை எழுத உட்கார்ந்தாலும் ஐந்து கோடு போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். மேல் கோடு எதற்கு என்று மனைவி கேட்டாள். பஸ்ஸில் துண்டு போடுவதில்லையா, அதுபோல, அண்ணாச்சிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்றேன்.