நாரைச் சங்கத்துக்கு ஒரு வெளியாள்

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். எங்கள் மில்ஃபோர்க் ஊர்த் தேவாலயத்து மணிமேல் ஆணை. போன குளிர்காலத்தில் என்னை உதைத்துவிட்டு, உதைத்த களைப்பிலேயே செத்துப்போன என் கோவேறு கழுதைமேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றால், இந்த ஆண்டு என் சோளக்காட்டைக் காக்கைகளே அறுத்துக்கொண்டு போகட்டும்!

ஊரின் ஒரே சவரக் கடை ஆர்வில் ஸ்டப்ஸுடையது. அவன் கத்தியில் குறையில்லை, கையில் நடுக்கமில்லை. இருந்தும் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். காரணம் இதுதான்: ஊரிலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் 'மாட்சிமை தங்கிய நாரைகளின் தொன்மைச் சகோதர சங்க'த்தில் சேர்ந்துவிட்டார்கள். சகோதரன் சகோதரனிடமே வாங்க வேண்டும், சகோதரனுக்கே விற்க வேண்டும், சகோதரனின் கத்திக்கே கழுத்தை நீட்ட வேண்டும் என்பது சங்க விதி. ஆர்வில் சகோதரன் அல்ல. ஆகவே ஊர் முழுக்கத் தாடி வளர்ந்தது. வங்கிக்காரர் சூப் குடித்தால் வயிற்றுக்குப் பாதி, தாடிக்குப் பாதி.

"ஏங்க, நீங்களும் அந்த நாரையில போய்ச் சேர்ந்து தொலைங்களேன்" என்றாள் மனைவி லவினியா. "அடுப்புல பூனை தூங்குது."

"சேர்றதுக்குப் பத்து டாலராம் லவினியா."

"போனா போகுது. அத்தனை தாடியும் நம்ம கடையில வந்து விழுமே!"

சங்கத்தின் மகா நாரை, தொப்பிக்கடை கார்னீலியஸ் பிக்ஸ்பி. அவர் ஆர்விலைக் கட்டித் தழுவினார்.

"சகோதரத்துவத்துக்கு விலை உண்டா தம்பி? பத்தே பத்து டாலர்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே இல்லை. இறகு வச்ச ஒரு தொப்பி."

"அது எங்க கிடைக்கும்?"

"நீ எங்கயும் அலைய வேண்டாம். சேரப் போறவன் பாதிச் சகோதரன்தானே, உனக்கு விக்கலாம்" என்று பிக்ஸ்பி கல்லாவுக்கு அடியிலிருந்தே ஒன்றை எடுத்து வைத்தார். தொப்பி இருந்தால் வாள் வேண்டுமாம். வாள் இருந்தால் அதைத் தொங்கவிட இடைவார் வேண்டும். இடைவாருக்குப் பொருத்தமாக நீலக் கம்பளி அங்கி வேண்டும்.

"நாரைக்கு எதுக்குங்க வாள்? எந்த நாரை வாள் வச்சிருக்கு?"

"அது வச்சுக்காததாலதான் சுட்டுத் தின்னுட்டாங்க" என்றார் பிக்ஸ்பி, கண்கலங்கி.

ஆர்வில் கடையின் பெரிய கண்ணாடியை விற்றான். ஒற்றைக் காலில் நின்று பழகினான். சகோதரர்கள் சந்தித்தால் செய்துகொள்ளும் ரகசிய வணக்கம் அதுதான். தெருமுனையில் வேலையற்ற நாய்கள்கூட அந்த ரகசியத்தைத் தினமும் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன.

வாக்கெடுப்பு நாள் வந்தது. சகோதரர்கள் ஒவ்வொருவராக மரப்பெட்டிக்குள் கைவிட்டுக் கோலி போடுவார்கள். எல்லாம் வெள்ளையாக இருந்தால் சேர்க்கை. ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. பெட்டியைத் திறந்தார்கள். ஒரு கறுப்பு.

அடுத்த மாதம் புதிதாய்ப் பத்து டாலர். அதற்குள் நாரைகளின் நாகரிகம் மாறிவிட்டபடியால் வெள்ளை இறகுக்குப் பதில் ஊதா இறகு. இம்முறை மூன்று கறுப்பு. லவினியாவின் தையல் இயந்திரத்தை விற்று மூன்றாம் முறையும் போனான். பெட்டியில் மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை இல்லை.

ஆர்வில் தொப்பிக்கடைக்குள் புயலாய் நுழைந்தான்.

"யோவ் பிக்ஸ்பி! நான் யார் குடியைய்யா கெடுத்தேன்?"

பிக்ஸ்பி கதவைச் சாத்தினார். "கோபப்படாத தம்பி. உன் மேல எல்லாருக்கும் உசுரு. அதனாலதான் கறுப்பு. விதி என்ன சொல்லுது? 'சங்க ரகசியத்தை வெளியாரிடமிருந்து உயிரைக் கொடுத்தேனும் காக்க வேண்டும்.' இந்த ஊர்ல வெளியார் யாரு?"

"பொம்பளைங்க?"

"அவங்களுக்கு நமக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது."

"அப்ப... நான் ஒருத்தன்தானா?"

"நீயே ஒருத்தன்தான்! நீயும் உள்ள வந்துட்டா ரகசியத்தை யார்கிட்டருந்து காக்கிறது? காக்கலேன்னா ரகசியம் இல்லை. ரகசியம் இல்லேன்னா சங்கம் இல்லை. சங்கம் இல்லேன்னா..." அலமாரியில் அடுக்கியிருந்த தொப்பிகளைப் பார்த்தார்.

"அந்த ரகசியம் எனக்கே தெரியுமேய்யா! ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க!"

"உஷ்! தெரியாத மாதிரி இரு. அதுதான் நீ ஊருக்குச் செய்யற தொண்டு."

"நான் பக்கத்து ஊருக்குக் குடி போறேன்" என்றான் ஆர்வில்.

பிக்ஸ்பியின் முகம் வெளுத்தது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டி, 'மாட்சிமை தங்கிய வெளியாள்' என்றொரு பதவியை ஏகமனதாக உண்டாக்கினார்கள். வெளியாள் சங்கத்தின் அலுவலர். எனவே சகோதரர்கள் அவரிடம் சவரம் செய்துகொள்ளத் தடையில்லை. அவர் கடமை ஒன்றே ஒன்று: யார் எதைக் கேட்டாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

தாடிகள் மூட்டை மூட்டையாய் விழுந்தன. பூனை அடுப்பை விட்டு எழுந்தது.

ஜூலையில் சங்கத்தின் ஆண்டு ஊர்வலம். கொளுத்தும் வெயிலில், கம்பளி அங்கியும் வாளும் ஊதா இறகுமாய் ஊரே நடந்தது. வேடிக்கை பார்க்க நின்ற ஒரே ஆண் ஆர்வில்தான். எல்ம் மர நிழலில், சட்டைக் கையை மடித்துவிட்டு, எலுமிச்சைச் சாறு குடித்தபடி கைதட்டினான். போகிற ஒவ்வொரு நாரையும் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

மறுநாள் சவர நாற்காலியில் உட்கார்ந்த தபால்காரர் கிளெட்டஸ், குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா ஆர்வில், வெளியாளா ஆகணும்னா என்ன செலவாகும்?"

கத்தி நின்றது. உள்ளறை வாசலில் நின்ற லவினியா, தையல் இயந்திரம் இருந்த வெற்று மூலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"சுதந்திரத்துக்கு விலை உண்டா அண்ணே?" என்றான் ஆர்வில். "பத்தே பத்து டாலர்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமே இல்லை. தலையில தொப்பி இருக்கக் கூடாது."

"அவ்வளவுதானா!"

"தொப்பி இல்லைங்கறது பளிச்சுனு தெரியணும் பாருங்க. அதனால தலையை வழிச்சுக்கணும். வாரா வாரம். சகோதர வெளியாள் கடையில மட்டும்."

இலையுதிர் காலத்துக்குள் வெளியாள் சங்கம் என்று ஒன்று கிளம்பி, ஊரே மொட்டை. நாரைச் சங்கத்தில் மிஞ்சியவர் பிக்ஸ்பி ஒருவர்தான். கடைசியில் அவரும் பத்து டாலரோடு வந்து நின்றார். முறைப்படி வாக்கெடுத்தோம். பெட்டி நிறையக் கறுப்பு.

"கோபப்படாதீங்க அண்ணே" என்று ஆர்வில் அவர் தோளைத் தட்டினான். "நீங்களும் வெளிய வந்துட்டா, நாங்க எதுக்கு வெளியாள்?"

பத்து டாலரைத் திருப்பித் தரவில்லை. அதற்கு விதியில் இடமில்லை.

கேட்டது உங்களோடு இருக்கட்டும். எங்கள் வெளியாள் சங்கத்தின் முதல் உறுதிமொழியே 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதுதான். இவ்வளவும் எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அபராதம் போட்டுவிடுவார்கள். யார் சொன்னது என்று எவனாவது குடைந்தால் என் பேரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாரோ ஒரு மொட்டைத் தலையன் சொன்னான் என்று சொல்லுங்கள். மில்ஃபோர்க்கில் வந்து தேடிக்கொள்ளட்டும்.