நகராத கல்

கால் மணி நேரமாகத் தேடியும் கணவரின் பித்தப்பை அவளுக்குக் கிடைக்கவில்லை.

தட்டச்சு வேலை போன பிறகு, நாற்பத்து மூன்று வயதில் ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தவள். முதல் நாள் வகுப்பே அவளை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றது. இரண்டாம் நாள் முதல் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. நாளையும் போனால் படிப்பே போச்சு. பயிற்சிக்கு ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவள் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரே ஆள் கணவர்தான்.

ஜெல்லை அள்ளிப் பூசினாள். அவர் நடுங்கினார். கருவியை அழுத்தினாள். முனகினார். கடைசியில் கைக்கு எட்டிய பொத்தான்களையெல்லாம் தட்டினாள்.

திரையில் பளிச்சென்று வந்து நின்றது பித்தப்பை. உள்ளே வெள்ளையாக ஒரு கல், அதன் கீழே கறுப்பு நிழல். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு அழகான கல் கிடையாது.

படம் எடுப்பதோடு சரி, நோயைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது முதல் பாடம். அதில் மட்டும் அவள் நூற்றுக்கு நூறு.

"ஏங்க, உங்களுக்குக் கல்லு இருக்கு."

அவர் முகம் வெளுத்தது. பதறாதீங்க, திரும்பிப் படுத்தால் உருளும் என்றாள். திரும்பினார். கல் நகரவில்லை.

"மாட்டிக்கிச்சு போல," என்று வாயை விட்டாள்.

மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். படம் இம்மியும் அசையவில்லை. இருபது வருடத்தில் இன்றுதான் மனிதர் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. விடச் சொல்ல மறந்துவிட்டாள். சிவந்துபோய் எழுந்து உட்கார்ந்தவர் அக்காவுக்குப் போன் போட்டார். எங்கள் வம்சத்திலேயே கல் கிடையாது, எல்லாம் உன் பொண்டாட்டி சமையல் என்று நாத்தனார் பேசியது அறை முழுக்கக் கேட்டது. உடனே கிளம்பி வருகிறாளாம்.

அவளுக்கு அழுகை வந்தது. "என் கையால ஆக்கிப் போட்டே உங்களை இப்படிப் பண்ணிட்டேனே."

"பரவாயில்லை விடு," என்று அவள் தலையைத் தடவினார் அவர்.

படுக்கை விரிப்பு மாற்ற வந்த ஆயாம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"காலைல உங்க பக்கத்து சீட்டுப் பொண்ணு, கூட்டி வர ஆள் இல்லைன்னு உங்களைப் படுக்க வெச்சு எடுத்த படமாச்சேம்மா இது, மேல உங்க பேருதானே போட்டிருக்கு?"