ஒரு மா கோல்ஃப்

மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று, கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டில் கால் வைத்ததுமே ஐயாவு ஒரு சபதம் எடுத்தார். இனிச் சாகிறவரைக்கும் வயலில் குனிவதில்லை.

சும்மா வாய்க்கு வந்த சபதம் இல்லை. அவருடைய அப்பா ஐம்பது வருஷம் அடுத்தவர் பண்ணையில் குனிந்தவர். குனிந்தே நடந்தார், குனிந்தே பேசினார், கடைசியில் குனிந்தபடியே செத்தும் போனார். பாடையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் தலை மட்டும் எழுந்து எழுந்து பார்த்தது. இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடித்துக் கயிறு கட்டினார்கள். அந்த இரண்டு பேரில் ஐயாவும் ஒருவர். காரியம் முடிந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம். ஒரு கம்பெனியின் கோல்ஃப் மைதானத்தில் வேலை. ஆறு நாள் மணலை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, மேனேஜர் ஜெக்கரியா சார் ஆட வருவார். அவருடைய மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பார்த்துப் பார்த்து ஆட்டத்தின் நெளிவு சுளிவு அத்தனையும் ஐயாவுக்கு மனப்பாடம். ஆனால் பந்தை ஒரு தடவைகூட அடித்ததில்லை. பை தூக்குகிறவன் மட்டையைத் தொட்டுக் கொடுக்கலாம், வீசக் கூடாது. அது அந்த மைதானத்துச் சட்டம்.

கிளம்புகிற நாளில் சார் தன் பழைய மட்டைகள் ஐந்தைப் பையோடு கொடுத்தார்.

"டிசம்பர்ல கொடைக்கானல் வர்றேன் ஐயாவு. நீயும் வா. உனக்கும் ஒரு ரவுண்டு. உன் பையை வேற ஆள் தூக்குவான்."

உன் பையை வேற ஆள் தூக்குவான். விமானத்தில் வழி நெடுக ஐயாவு இதையேதான் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவி அம்சம் இருந்தாள். ஐயாவு அனுப்பிய பணத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வாங்கி, ஒற்றை ஆளாக விவசாயம் பார்த்து வந்தவள். இரண்டு மா விளைச்சல் விலைக்குப் போகும். வாய்க்கால் ஓரத்து ஒரு மா மட்டும் வருஷம் முழுக்க வீட்டுச் சோற்றுக்கு. வந்த மறுநாள் காலையில் ஐயாவு அந்த ஒரு மாவில்தான் கை வைத்தார்.

"அம்சம், வாய்க்கா ஓரத்து மாவை எனக்கு விட்டுடு."

"எதுக்குங்க?"

"ஸ்விங் பழகணும்."

"நடவு?"

"இந்த வருஷம் அதுல நடவு கிடையாது. அது மைதானம்."

நாற்றங்காலில் மூன்று மாவுக்கும் சேர்த்து விதை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. அம்சம் புருஷனைப் பார்த்தாள். அவர் தோளில் இருந்த பையைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் கூடவே இருந்தவனுக்குத் தெரிந்திருக்கும், அம்சத்தின் 'சரிங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று. வருஷத்துக்கு ஒரு மாசம் விருந்தாளியாக வந்து போன மனுஷனுக்கு எங்கே தெரியும்? ஐயாவு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவள் சொல்லித்தான் இருந்தாள். வலது முட்டி தேய்ந்துவிட்டது, இனிச் சேற்றில் இறங்கினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னதை. சொன்னபோது ஐயாவு செல்போனில் பந்து விலை பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

ஆவணி வெயிலில் பயிற்சி ஆரம்பமானது. பந்து நேராகப் போனால் வாய்க்காலைத் தாண்டிக் கருவைக் காட்டில் விழ வேண்டும். ஒன்றுகூட அங்கே விழவில்லை. எல்லாமே வலது பக்கம் வளைந்து பக்கத்து நிலத்து ஃபாஜிலின் தென்னந்தோப்புக்குள் போனது. மூன்றாம் நாள் ஃபாஜில் ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

"அண்ணே, காலையிலேருந்து பதினோரு பந்து. தோப்புல தேங்காய் பறிக்க ஆள் ஏற மாட்டேங்குறான்."

"இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்க ஃபாஜில். சரியாயிடும்."

"சரியாகட்டும்ண்ணே. அதுவரைக்கும் நாங்க ஹெல்மெட் போட்டுக்கிறோம்."

வரப்பில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்சம் மெதுவாகச் சொன்னாள்.

"இடுப்பு திரும்பலைங்க. கையாலயே இழுக்குறீங்க."

ஐயாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெக்கரியா சாருக்கு ஐந்து வருஷம் பிடித்தது இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதே. நாலு நாள் மண்வெட்டி போடுங்க, இடுப்பு தன்னால திரும்பும். வரப்பெல்லாம் புல்லு மண்டிக் கெடக்கு."

"குனிய மாட்டேன் அம்சம். சபதம்."

"யாருங்க குனியச் சொன்னா? லேசா சாஞ்சு வெட்டுங்க."

சாய்வது குனிவதில் சேராது என்று ஐயாவு தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். நாலு நாள் என்றது எட்டு நாள் ஆனது. மூன்று மா வரப்பையும் பக்கவாட்டில் புல்லோடு செதுக்கி அண்டை வெட்டி முடித்தார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் மட்டையை வீசினால் இடுப்பு கதவு மாதிரி திரும்பியது. பந்து தென்னந்தோப்புப் பக்கமே போகவில்லை. தரையோடு உருண்டு இருபது அடியில் நின்றுவிட்டது. அது வேறு வியாதி.

மறுநாள் விடிந்து பார்த்தால் மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"என்ன அம்சம் இது?"

"மடைகிட்ட பலமா வெட்டிட்டீங்க போல. ஒடைச்சுக்கிட்டு வந்துருச்சு."

தன் ஸ்விங்கின் வேகத்தை நினைத்து ஐயாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இப்ப என்ன பண்றது?"

"மத்த ரெண்டு மாவுக்கு டிராக்டர் வருது. இதையும் ஒரு சால் ஓட்டி, பலகை போட்டு இழுத்துட்டா சமமாயிடும். காஞ்சா உங்க மஸ்கட் மைதானம் மாதிரியே கெடக்கும்."

டிராக்டர் வந்தது, சேறடித்தது, போனது. சேறு காயவில்லை. புரட்டாசி பிறந்து மழை வேறு தூற ஆரம்பித்தது. தங்கையன் என்று ஒருவன், நடவுக்கு ஆள் விடுகிறவன், இரண்டு மாவை நட்டுக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தான்.

"அக்கா, அடுத்த ஊர்ல முன்பணம் வாங்கிட்டேன். இனி பன்னெண்டு நாள் ஆள் கெடையாது. மிச்ச நாத்தை வேணா பறிச்சு முடி கட்டிப் போட்டுட்டுப் போறேன்."

பறித்த நாற்று ஐந்தாறு நாளுக்கு மேல் தாங்காது. அம்சத்தால் சேற்றில் இறங்க முடியாது. வீட்டுச் சோறு நாற்றுக் கட்டுகளாக, முடி முடியாக வரப்பில் கிடந்தது. ஐயாவோ வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் நின்று மட்டை வீசிக்கொண்டிருந்தார். உருண்டது. மறுபடியும் உருண்டது.

"தலையைத் தூக்குறீங்க" என்றாள் அம்சம்.

"தூக்கல."

"தூக்குறீங்க. அடிக்கிறதுக்கு முன்னாடியே எங்க போச்சுன்னு பாக்குறீங்க. பந்து இன்னும் கீழதான் கெடக்கு."

ஐயாவு உட்கார்ந்துவிட்டார். உண்மை. டிசம்பருக்கு இரண்டரை மாசம்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு ரவுண்டு. அதில் போய்ப் பந்தை உருட்டிவிட்டு வருவதா?

"இதுக்கு என்ன வைத்தியம்?"

அம்சம் யோசித்தாள். யோசிப்பதுபோல் இருந்தாள்.

"நடவு நடுற பொம்பளைங்களைப் பாத்திருக்கீங்களா? தலையைத் தூக்குவாளா ஒருத்தி? தூக்கினா வரிசை கோணும். அஞ்சு நாள் நட்டா ஆயுசுக்கும் தலை தூக்காது. ஆனா உங்களுக்குத்தான் சபதம் இருக்கே. வேணாம் விடுங்க."

வேணாம் என்ற சொல்தான் ஐயாவைச் சேற்றுக்குள் இறக்கியது.

இறங்கினார். குனிந்தார். அப்பாவின் முதுகு எங்கேயும் போகவில்லை, தன் முதுகுக்குள்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தது என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது. குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்கள். ஆம்பிளை நாற்று பறிப்பான், முடி சுமப்பான். நடவு நட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஐயாவு தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் வைத்தியம் கெட்டுவிடும்.

அம்சம் வரப்பில் உட்கார்ந்து நாற்று முடியை எடுத்து எடுத்து வீசினாள். "நெருக்கி வைங்க. ஆழமா வேணாம். தலை, தலை."

ஐந்தாம் நாள் மாலையில் சேற்றிலிருந்து ஏறி, முதுகை மூன்று தவணையாக நிமிர்த்தி, வாசலுக்குப் போய் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தார். பந்தைப் பார்த்தார். பந்தை மட்டும் பார்த்தார். வீசினார். பந்து எழும்பி, வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, கருவைக் காட்டின் நடுவில் போய் விழுந்தது. ஐம்பத்தாறு வயதில் ஐயாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு பந்தை வைத்துக்கொண்டு, மைதானத்தில் நின்றே அடித்துப் பார்க்கலாம் என்று திரும்பினார்.

மைதானம் இல்லை. ஒரு மாவும் பச்சையாக நின்றது. ஒரு சாண் இடம் பாக்கி இல்லை.

கையிலிருந்த பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "மடை?" என்று கேட்டார்.

"நான்தான் தெறந்துவிட்டேன்."

"இடுப்பு, தலை, இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் போன்ல பேசுவீங்க. அதுல எட்டு நிமிஷம் ஜெக்கரியா சார் எப்படி அடிச்சாருன்னு சொல்லுவீங்க. இடுப்பு திரும்பல, தலையைத் தூக்கிட்டாரு, பந்து உருண்டு போச்சு. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"மிச்சம் ரெண்டு நிமிஷம்?"

"நல்லா இருக்கியான்னு கேப்பீங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள கார்டு தீந்துடும்."

ஐயாவு மட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"உங்க அம்மா செத்த வெள்ளிக்கிழமை மூணு நிமிஷம் அழுதீங்க. அன்னைக்கு சார் ஏழாவது குழியில ரொம்ப நல்லா அடிச்சாராம். அதையும் சொன்னீங்க. நான் அப்பதான் சுடுகாட்டுக்கு விறகு சொல்லிட்டு வந்து நிக்கிறேன்."

"அம்சம்."

"உங்க அப்பா குனிஞ்சதை நெனச்சு சபதம் எடுத்தீங்க. சரி. இருபத்திரண்டு வருஷம் இங்க குனிஞ்சது யாருங்க?" சொல்லிவிட்டு அவரையே பார்த்தாள். "முதுகு வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கும்" என்று சொல்லி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தைலம் எடுக்க உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு ஐயாவு மட்டை வீசியது வாசலில்தான். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் மட்டையைத் தொடுவதற்கு முன்னால் வாய்க்கால் ஓரத்து மாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பயிர் பச்சை பிடித்ததா, தூர் கட்டியதா என்று பார்த்தார். யாரும் சொல்லாமலே மடையை அடைத்தார், திறந்தார். அவர் நட்ட வரிசைகள் கொஞ்சம் கோணல்தான். அதை யார் சொன்னாலும் கோபம் வந்தது.

டிசம்பரில் கொடைக்கானலுக்குக் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட அம்சமும் வந்தாள்.

"தைரியமா அடிங்க. கடல்ல ஏதோ புயல் சின்னம் உருவாகியிருக்காம், பெருமழை வருமாம், டிவியில சொல்றான். அதையெல்லாம் நீங்க நெனைக்காதீங்க. பந்தை மட்டும் பாருங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மலை மேல் புல் வழுவழுவென்று இருந்தது. ஜெக்கரியா சார் நாலு நண்பர்களோடு நின்றிருந்தார். பை தூக்குகிற ஆள் ஐயாவின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்த மட்டை சார் வேணும்?" என்று கேட்டான். ஐயாவு விரலால் காட்டினார்.

பந்தைப் பார்த்தார். மட்டை மேலே போனது. இடுப்பு திரும்பியது. கருவைக் காட்டில் விழுந்த அதே வீச்சு. மட்டை கீழே வருகிற அந்த ஒரு நொடியில் எங்கோ கிழக்கே ஒரு இடி உருண்டது.

ஊரில் கதிர் வருகிற சமயம். தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

பந்து நாலு அடி உருண்டு நின்றது. ஜெக்கரியா சார் தோளைத் தட்டி, "பரவாயில்ல, முதல் அடிதானே" என்றார். ஐயாவு ஒரு நிமிஷம் என்று சொல்லி ஓரமாகப் போய்ப் போனை எடுத்தார்.

"அம்சம், அங்க மழையா?"

"மழையா? பளிச்சுனு வெயில் அடிக்குது. அவிச்ச நெல்லு காயப் போட்டிருக்கேன்."

"வாய்க்கா மடையை அடைச்சு வச்சியா?"

"நேத்தே அடைச்சாச்சு."

"வடிகால்ல குப்பை அடைச்சிருக்கும், பாரு."

"பாத்தாச்சுங்க."

"சரி. முட்டி எப்படி இருக்கு?"

போனில் நெல்லைக் கொத்த வந்த காக்கையை விரட்டுவது மட்டும் கேட்டது. பிறகு அம்சம் கேட்டாள்:

"தலையைத் தூக்கிட்டீங்களா?"