தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் நாள்

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்களைப் புகழ்ந்தே ஓய்ந்துபோன உலகம், ஒரு கணினியைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு நாட்கள் நிறுத்தாமல் ஓட்டிய மருத்துவமனை நிர்வாக அதிகாரியை இன்னும் கண்டுகொள்ளவில்லை. ஆயிரமாவது நாளுக்குக் கேடயம் தயார். பெயர்கூடப் பொறித்தாயிற்று. கணினியின் பெயரல்ல, அவருடையது.

அந்தக் கணினி மருத்துவமனையில் இல்லை. 'மேகக் கணினி' என்ற பட்டத்தோடு எங்கோ தொலைவில் வாடகைக்கு ஓடுகிறது. ரத்தப் பரிசோதனைக்கு டோக்கன் தருவது அதுதான். அன்று காலை எட்டு மணிக்கு அது அப்படியே உறைந்துபோனது. வெறும் வயிற்றோடு வந்த அறுபது பேர் லேப் வாசலில் வாடினார்கள். அவர்களில் ஒருவர், அந்தக் கணினியைக் கவனித்துக்கொள்ளும் ஆபரேட்டரம்மாவின் மாமனார், சர்க்கரை நோயாளி.

"அம்மாடி, கை நடுங்குதும்மா. டோக்கன் எப்பத்தான் வரும்?" என்று போனில் கேட்டார்.

ஆபரேட்டரம்மா போனை வைத்தாள். அதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"சார், மெஷின் ஹேங் ஆயிடுச்சு. ஒரே ஒரு வரி டைப் பண்ணா ரீஸ்டார்ட் ஆயிடும்."

"ஸ்கிரீன்ல என்னம்மா போட்டிருக்கு?"

"'இயங்குகிறது'ன்னு போட்டிருக்கு சார்."

"அப்புறம் என்ன? இயங்குறதை எதுக்கு நிறுத்தணும்?"

"டோக்கன் வரலையே சார்!"

"டோக்கன் வேற, இயக்கம் வேற. இன்னும் மூணே நாள் பொறுத்துக்கச் சொல்லும்மா."

"வெறும் வயித்தோடயா?"

அதிகாரியின் மனம் இளகியது. உடனே 'மறுதொடக்க ஆலோசனைக் குழு'வைக் கூட்டினார். பதினொரு பேர் வந்தார்கள். காலையில் பட்டினியோடு பேசினால் முடிவு சரியாக வராதென்று முதலில் பிஸ்கட் வரவழைத்தார்கள்.

ஆபரேட்டரம்மா தன் மேசைக்குத் திரும்பி, கறுப்புத் திரையில் அந்த ஒற்றை வரியை அடித்தாள். "நிச்சயமாகவா?" என்று திரை கேட்டது. அன்று அந்தக் கட்டடத்தில் அவளிடம் யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். 'ஆம்' என்று அடித்தாள். நாற்பது விநாடியில் டோக்கன்கள் வரத் தொடங்கின. மாமனார் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். கணினியின் நாள் கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

குழு சும்மா இருக்குமா? மாலையே தீர்மானம் போட்டது: 'கட்டளை தெரிந்தவர் கையில் கணினி இருப்பது பேராபத்து. எனவே கடவுச்சொல் இனி அதை எங்கே அடிப்பதென்று அறியாத அதிகாரியிடமே பாதுகாப்பாக இருக்கும்.'

இப்போதெல்லாம் கணினி உறைந்தால் யாரும் தொடுவதில்லை. அதற்காக நிர்வாகத்துக்கு இரக்கமே இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. லேப் வாசலில் மயங்கி விழுவோர் முகத்தில் தண்ணீர் தெளிக்கத் தனிப் பதவியே உண்டாக்கியிருக்கிறார்கள். ஆபரேட்டரம்மாவை அதில்தான் போட்டிருக்கிறார்கள்.