காயக் கூடாத குடுவை

குடுவையின் அடியில் கறுப்பாகத் தீய்ந்த படலம் மட்டும்தான் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்த குடுவைக்காரர் குனிந்து இன்னொரு முறை பார்த்தார். அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இருந்த ஒரே வேலை, அந்தக் குடுவையைக் காயாமல் பார்த்துக்கொள்வது. பெயரே அதனால் வந்ததுதான். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தர உத்தரவு வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர், குடுவையின் சொந்தக்காரரான பேராசிரியர்.

பூமியின் முதல் உயிர் ஆழ்கடலின் அடியில், வெந்நீர் பீறிடும் வெடிப்புகளில்தான் தோன்றியது என்பது பேராசிரியரின் கட்சி. ஆகவே குடுவையில் உப்புத் தண்ணீர், கொஞ்சம் தாதுப்பொடி, அடியில் ஓயாத சூடு. மேலே தொங்கும் புட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "ஆழ்கடல் என்னிக்காவது காஞ்சிருக்காய்யா? ஞாபகம் வச்சுக்கோ" என்று விரலை ஆட்டிவிட்டுத்தான் போயிருந்தார்.

எதிர் அறையில் எதிர்க்கட்சி. அதாவது, அவருடைய மனைவி; ஊழியர்களுக்கு 'அம்மா'. அவரும் பேராசிரியர். உயிர் பிறந்தது கரையோரக் குட்டையில் என்பார். குட்டை காய்ந்து, நனைந்து, திரும்பக் காய்ந்தால்தான் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீளச் சங்கிலியாகும், அந்தச் சங்கிலிதான் உயிருக்கு முதல் படி என்பார். அவர் குடுவை தினமும் மதியம் காய வேண்டும், காலையில் நனைய வேண்டும். பதினேழு வருடமாகச் சாப்பாட்டு மேஜையிலும் இதே சண்டை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். யார் குடுவையில் சங்கிலி வருகிறதோ அவர் ஜெயித்தார். தோற்றவர் தன் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

குடுவைக்காரர் எதிர் அறைக்கு ஓடினார். அங்கே அம்மாவின் குடுவையைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, தரை பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மோசம் போயிட்டேன்!"

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"காஞ்சு போச்சுக்கா."

"எது?"

"கடல்!"

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "தண்ணிய ஊத்திட்டு வாயை மூடிக்கிட்டு இரு. யாருக்குத் தெரியப் போவுது?"

ஊற்றினார். சிவப்புக் கோடு வரை தண்ணீர் வந்தது. பதிவேட்டில் 'நிறைவாக உள்ளது' என்று எழுதினார்.

சொட்டுக் குழாயில் உப்பு அடைத்திருந்ததுதான் காரணம். செவ்வாய்க்கிழமை ஊசியால் குத்தினார். ஓட்டை பெரிதாகிவிட்டது. தண்ணீர் கொட்டி, கோட்டைத் தாண்டி விளிம்புக்கு வந்தது. கொஞ்சம் ஆவியாகட்டும் என்று குழாயை மூடி, சூட்டைக் கூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். பாதிச் சோற்றில் நினைவு வந்து ஓடி வந்தார். கடல் மறுபடியும் காய்ந்திருந்தது.

புதன்கிழமை வம்பே வேண்டாமென்று அடுப்பை அணைத்தார். வெப்பமானி சரசரவென்று இறங்கியது. அதன் காகிதச் சுருளில் கோடு தானாக விழும், அழிக்க முடியாது. பதறிப்போய் அடுப்பை முழு வேகத்தில் திருப்பினார். கோடு ஏறுகிறதா என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், குடுவையைப் பார்க்க மறந்தார். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் திரும்பினார்.

மூன்றாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றியபோது அடியிலிருந்து ஒரு கறுப்புத் துணுக்கு எழும்பி, மெல்லச் சுழன்று, அவரைப் பார்ப்பதுபோல் நின்றது. குடுவைக்காரர் ஓரடி பின்வாங்கினார். வேலை போகும் பயத்தை இன்னொரு பயம் முந்திக்கொண்டது. ஒருவேளை உள்ளே உயிர் வந்திருந்தால்? உலகத்துக்கே முதல் முப்பாட்டனை மூன்று முறை வறுத்த பாவி ஆகிவிட்டோமே!

அன்று இரவு வீட்டில் அவர் மனைவி தட்டை நகர்த்தினாள். "ஏங்க, அந்தக் கொதிக்கிற பாத்திரத்தையே ஏன் முறைச்சுப் பார்க்கறீங்க?"

"அடுப்பை அணைச்சிடு. உள்ள யாராவது இருக்கப் போறாங்க."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியர் வந்தார். இரண்டு குடுவைகளிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்துக் கருவியில் வைத்தார்கள். குடுவைக்காரர் கதவுக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ் வருமா, ஐயாவே அடிப்பாரா என்று யோசித்தபடியே.

"சங்கிலி!" என்று உள்ளே ஒரு கூச்சல். "நீளச் சங்கிலி! என் குடுவையில!"

"என்னோடதுல?" அம்மாவின் குரல்.

"வெறும் தண்ணி!"

பேராசிரியர் பாய்ந்து வந்து குடுவைக்காரரைக் கட்டிக்கொண்டார். "உன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்யா. வா, முதல்ல உன் உத்தரவுல கையெழுத்து!"

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் எதிர் அறையில் அம்மா புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினேழு வருஷம் தப்பாவே நம்பிட்டேன்" என்று தனக்குத்தானே சொன்னார்.

குடுவைக்காரரால் அதைப் பார்க்க முடியவில்லை. பேராசிரியரின் பேனா காகிதத்தைத் தொடப் போன சமயம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஐயா... உங்க கடல் மூணு தடவை காஞ்சு போச்சுங்க. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்தி மறைச்சேன்."

பேனா அந்தரத்தில் நின்றது. பேராசிரியரின் முகம் வெளிறிப்போனது. குடுவைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்பது வருடமும் கண்ணுக்குள் வந்து போயின.

விழுந்தது அடி அல்ல, அம்மாவின் சிரிப்பு. கையில் புத்தகத்தோடு ஓடி வந்திருந்தார்.

"காஞ்சு, நனைஞ்சு, காஞ்சதா? அதனாலதான் சங்கிலி! அது என் கொள்கைப்பா! போடுங்க கையெழுத்தை, என்னை ஜெயிக்க வச்சவர் இவர்தான்!"

பேராசிரியர் விடவில்லை. "அப்படின்னா தினமும் காயற உன் குடுவையில ஏன் ஒண்ணுமே வரல?"

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்கா, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"காஞ்சா கண்ணாடி வெடிச்சிடும்னு பயந்து, நான் அதை ஒரு நாள்கூடக் காய விடலையேம்மா!"