எங்கள் வீட்டு அமைதியான பிள்ளை

என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது என்று, ஒரு பள்ளிக்கூட ஹால் நிறைய உட்கார்ந்திருந்த பெற்றோருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னவள் நான். சொல்லிவிட்டு வந்து நாற்காலியில் உட்காரக்கூட எனக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. தாலுகா ஆபீசில் பக்கத்து மேஜைக்காரியிடம் நான் ரகசியம் சொன்னால், வாசலில் மனு எழுதுகிற அண்ணாச்சி "ஆமாம்மா, அப்படித்தான்" என்பார். என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். (பேச விட்டால்தானே என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கதைக்கு வருகிறேன்.)

மகள் கோமதி அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை இறக்குவாள், சாப்பிடுவாள், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவாள். "இன்னைக்கு என்னட்டி நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். மார்க் சுமார்தான். அறிவியல் சுமாருக்கும் கீழே. பிள்ளை இப்படி ஊமையாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே கவலை.

அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு வீடியோ வந்தது. பிள்ளைகளின் சுபாவத்தில் பல வகை உண்டாம். சிலருக்குக் கூட்டத்தோடு இருந்தால்தான் படிப்பு ஏறுமாம், சிலருக்குத் தனியே இருந்தால்தான் ஏறுமாம். தனிமை விரும்பிகளை இன்ட்ரோவெர்ட் என்பார்களாம். அவர்களை மேடையில் ஏற்றினால் மனசு சுருங்கிவிடுமாம். கீழேயே ஒரு டெஸ்ட்டும் இருந்தது. கோமதி சார்பில் எல்லாக் கேள்விக்கும் நானே பதில் போட்டேன். விருந்தாளி வந்தால் ஒதுங்குவாரா? ஒதுங்குவாள். கேட்டால் மட்டுமே பேசுவாரா? கேட்டாலும் பேச மாட்டாள். முடிவு வந்தது. கலப்படமில்லாத இன்ட்ரோவெர்ட்!

அன்று சாயங்காலமே கோமதி, "ஆண்டு விழா டிராமால நான் இருக்கேன்மா" என்றாள். பச்சைப் பிள்ளையை மிரட்டி மேடையில் ஏற்றுகிறார்களே!

"அவளுக்குப் பிடிச்சிருக்கான்னு கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு? பிள்ளை முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைமையாசிரியை கேட்டு முடிப்பதற்குள் நான் மைக்கிடம் போய்விட்டேன். வீடியோவில் கேட்டதை எல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன்.

"ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு டைப்பு. என் மகளை எனக்குத் தெரியாதா? அவளுக்கு நாலு பேர் முன்னால வாயே வராது. அவளைப் போய் குரூப்பா உக்காந்து படின்னா எப்படிப் படிப்பா? தயவுசெஞ்சு அந்த டிராமால இருந்து எடுத்துருங்க" என்று முடித்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது. சிலர் கைதட்டினார்கள்.

தலைமையாசிரியை உருகிப்போனார். "அம்மா சொல்லுதது நியாயம்தான். டீச்சர், அந்தப் பிள்ளையை விட்டுருங்க."

வகுப்பாசிரியை செல்வி டீச்சர் குழப்பத்தோடு எழுந்தார். "எந்தக் கோமதிம்மா?" (எங்கள் ஊர் அம்மன் பெயர் அது. எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று கோமதிகள் இருப்பார்கள்.)

"கே. கோமதி. ஏழாவது பி."

"கே. கோமதியா? பேச மாட்டாளா?" டீச்சர் அப்படியே என்னைப் பார்த்தார். "நான் அவளை இடம் மாத்தி மாத்தி உக்கார வச்சுப் பாத்துட்டேம்மா. சுவரோரம் உக்கார வச்சா சுவத்துக்கிட்டயே பேசுதா. ஆனா மத்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கதும் அவதான். வாய்விட்டுச் சொன்னாத்தான் அவளுக்குப் படிப்பு ஏறுது. வீட்டுலயும் சத்தமா படிக்க விடுங்கன்னு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

வேறு யாரையோ சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், ஹால் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிராமா ஒத்திகை நடந்த அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

நான் பேசிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது என் குரல். ஆனால் என் வாய் மூடியிருந்தது.

"ஏட்டி, சாப்பிட்டியா? சாப்பிட்டிருக்க மாட்ட. ஏன் சாப்பிடலை? சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும், உனக்கு வயிறு சரியில்லை. ஏன் சரியில்லை? சிவகிரி அத்தை கொண்டாந்த மிக்சரைத் தின்னிருப்ப. ஏங்க, நான் அப்பமே சொன்னேனா இல்லையா? நீங்க எங்க காதுல வாங்குனீங்க!"

மூச்சு விடாமல் ஓடியது. ஹாலே குலுங்கிச் சிரித்தது. திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாரையோ அப்படியே உரிச்சு வச்சிருக்கா!" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

கோமதியைக் கூட்டி வந்தார்கள். யூனிபார்முக்கு மேலே சுற்றியிருந்தது என் மெரூன் கலர் சேலை. (அதைக் காணோம் என்று சலவைக்காரரிடம் சண்டைக்கே போயிருந்தேன்.)

"உன்னை டிராமால இருந்து எடுக்கச் சொல்லுதாங்கம்மா உங்க அம்மா" என்றார் தலைமையாசிரியை.

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா?" என்றாள்.

"நீதான் பேச மாட்டியே மக்கா. அதான் அம்மா..."

"வீட்டுல நான் எப்பம்மா பேச? நான் வாயைத் திறக்கதுக்குள்ள நீயே கேட்டு நீயே பதிலும் சொல்லிருத!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அந்த டெஸ்ட்டை முழுக்க நானே எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. அது இவ்வளவு கனக்கும் என்று அதுவரை தெரியாது.

"இப்பம் என்னம்மா செய்யட்டும்?" என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். பதில் தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, "அவகிட்டயே கேளுங்க" என்றேன்.

"நான் நடிக்கேன் மிஸ்" என்றாள் கோமதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேலையும் வேணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் நான் பேசாமல் இருந்து பார்த்தேன். வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் மாதிரி இருக்கா?" என்றார். கொஞ்ச நேரத்தில் கோமதி அறிவியல் புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தாள். செடி எப்படிச் சாப்பாடு தயாரிக்கிறது என்று தொடங்கினாள். நான் தோசை சுட்டு முடித்த பிறகும் அவள் முடிக்கவில்லை. இடையில் குறுக்கே பேசாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்குள் இவ்வளவு பேச்சா என்று வாயைப் பிளந்து கேட்டேன். அதற்குப் பிறகு வந்த பரீட்சையில் அறிவியல் சுமாருக்கு மேலே வந்தது. கணக்கு அப்படியேதான் இருந்தது. அதற்கு எந்த டைப்பும் உதவவில்லை.

ஆண்டு விழாவில் அவளுக்குக் கிடைத்த கைதட்டலைப் போல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை. நான் முக்காடு போடாத குறையாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சில வாரம் கழித்து பஸ்ஸில் ஏறினேன். "அண்ணாச்சி, இது கரிவலம்வந்தநல்லூர்ல நிக்குமா? நிக்கும், எனக்குத் தெரியும், போன வாரம் நின்னுச்சுலா" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது முன் சீட்டுப் பெண் திரும்பினாள்.

"நீங்க அந்த ஸ்கூல் டிராமால அம்மாவா நடிச்சவங்கதான?"

"அது நான் இல்லம்மா. என் மக."

"சும்மா சொல்லாதீங்க. குரலு அப்படியேல்லா இருக்கு!"

இறங்கும் வரை மறுத்துப் பார்த்தேன். நம்பவில்லை. பஸ்ஸே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. கோமதி இப்போது காலேஜில் படிக்கிறாள். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் புதுச் சொந்தம் யாராவது வந்தால் போதும், வாயே திறக்காத என் வீட்டுக்காரர் எழுந்து வந்து என்னைக் காட்டி அறிமுகப்படுத்துவார்:

"கோமதி நடிச்ச டிராமா இருக்குல்லா, அதோட ஒரிஜினல் இவதான்."