பத்திரசாலியின் முன்கண்ணாடி

இரண்டு கைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பலகைமேல் விரித்த பழைய கம்பளியில் வளைந்த கண்ணாடி ஒன்று படுத்திருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் ஏற்றியாகிவிட்டது. அந்த ரப்பரின் வெளிப்பள்ளத்துக்குள் மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நுழைத்துக்கொண்டே போகின்றன அந்தக் கைகள். மூலைக்கு வந்ததும் நிற்கின்றன. கயிறு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துத் திரும்புகின்றன. சோப்புத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மறுபடி நகர்கின்றன. அப்போது பக்கவாட்டிலிருந்து மூன்றாவதாக ஒரு கை நீள்கிறது. அதில் ஒரு மஞ்சள் துணி. கண்ணாடியின் நடுவில், யாரும் தொடாத இடத்தில், இல்லாத ஒரு தூசியைத் துடைத்துவிட்டுப் பின்வாங்குகிறது.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கையைப் பற்றியது.

அதன் சொந்தக்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். புத்திசாலி, பலசாலி என்கிறோமே, அந்த வரிசையில் இந்த இனத்தைப் பத்திரசாலி என்று சொல்லலாம். இவர் ஒரு பொருளை வாங்குவார். வாங்கிய நொடியிலிருந்து, அது எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியம் அதை நெருங்கிவிடாமல் ஆயுள் முழுக்கக் காவல் காப்பார். சோபாவுக்கு உறை, உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டு, துண்டு கசங்காமல் இருக்க விருந்தாளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஷோகேஸில் இருக்கும் பூப்போட்ட கோப்பைகளைக் காட்டி அவற்றின் அருமையைச் சொல்லி முடித்துவிட்டு, காது உடைந்த கோப்பையில் டீ கொடுப்பார். மரக்கைப்பிடி போட்ட அருமையான குடை ஒன்று வைத்திருக்கிறார். மழை வந்தால் அது நனைந்துவிடாதா? அதனால் அதை வீட்டில் விட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு வருவார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் சிக்கினால் அதன் கதி என்ன?

இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கிய, எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு பாய்வதற்கென்றே யாரோ இரவு பகலாக உட்கார்ந்து வரைந்து, வளைத்து, இழைத்துச் செய்த கார் அது. இவரிடம் வந்த பிறகு அது ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் போயிருக்கிறது. திரும்பியும் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்கு ஒரு சடங்கு உண்டு. முதலில் தார்ப்பாய் விலகும், பிறகு கான்வாஸ் உறை, பிறகு கம்பளி, கடைசியாக, மனைவி ஆசையாக வாங்கி ஒருநாளும் படுக்கையில் விரிக்கக் கிடைக்காத மெத்தை விரிப்பு. இஞ்சினை முடுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நிறுத்துவார். திருப்தியாக, "நல்லா ஓடுச்சு" என்பார்.

"எங்க சார் ஓடுச்சு?" என்று கேட்டார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு தடவை.

"இஞ்சின் ஓடுச்சு."

அதன்பின் விரிப்பு, கம்பளி, கான்வாஸ், தார்ப்பாய்.

வெயில் படாமல், மழை படாமல், காக்கை எச்சம் படாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பந்து படாமல் அந்தக் காரைக் காப்பாற்றியவரால் ஒன்றிடமிருந்து மட்டும் காப்பாற்ற முடியவில்லை. காருக்கு என்றைக்காவது கீறல் விழுந்தால் பூசுவதற்கென்று, அதே கம்பெனி, அதே நிறம், மூடி திறக்காத பெயின்ட் டப்பா ஒன்றை வாங்கி, யார் கைக்கும் எட்டாமல் ஷெட்டின் உச்சிப் பலகையில், நேர் மேலே, பத்திரமாக வைத்திருந்தார். பலகை இற்றுவிட்டது. டப்பா இறங்கியது. சடங்குக்காக நான்கு உறைகளும் விலகியிருந்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து இறங்கியது. முன்கண்ணாடி சிலந்தி வலை போல விரிந்துவிட்டது.

டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடி அப்படியே இருந்தது. அதில் அவருக்கு ஓர் ஆறுதல்.

அந்தக் காருக்குக் கண்ணாடி சும்மா கிடைத்துவிடுமா? இன்னொரு கண்ணாடியை எங்கோ ஒரு கிடங்கில் கண்டுபிடித்து, வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் வரவழைப்பதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி ஒன்று கிடைக்காது என்று விற்றவர் சொல்லிவிட்டார். அதற்குள் வீட்டில் ஒரு விஷயம் முற்றிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி அந்தக் காரில் ஒரு முறைகூட ஏறியதில்லை. காய்கறி, கேஸ் சிலிண்டர், பல்வலி என்று எல்லாவற்றுக்கும் அந்த அம்மாளே ஓட்டிப் போவது நாலு பக்கமும் அடிவாங்கிய ஒரு குட்டிக் கார்.

"ஒரிஜினல் கண்டிஷன்ல இருக்கு, அதைப் போய்…" என்று இவர் இழுத்தபோது அந்த அம்மாள் சொன்னது இது: "என்னையும்தான் ஒரிஜினல் கண்டிஷன்ல வச்சிருக்கீங்க. வாசலைத் தாண்டிக் கூட்டிட்டுப் போனதில்ல."

பிறகு நிதானமாகப் பேசி முடித்தார். கண்ணாடி மாட்டுகிற அன்றைக்குச் சாயங்காலம் தன்னை உட்காரவைத்து ஒரு சுற்று. இல்லாவிட்டால் மறுநாள் காலையில் வாங்குகிறவர் வருவார். ஆளை அவரே பேசி வைத்துவிட்டார். பத்திரசாலி உடனே சம்மதித்தார். கண்ணாடி வரவே வராது என்று அவர் மனசுக்குள் ஒரு நம்பிக்கை.

வந்துவிட்டது.

ஆகவே இன்றைக்கு அவர் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வேலை முடிந்தால் காரைத் தெருவில் இறக்க வேண்டும். முடியாவிட்டால் காரே போய்விடும். ஒரு கையால் வேலையை விரட்டிக்கொண்டும் மறு கையால் வேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டும் காலையிலிருந்து பலகையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

முதலில் ரப்பர் விவகாரம். பழைய ரப்பரையே போட வேண்டும் என்றார். கண்ணாடி மாட்ட வந்திருந்த கண்ணாடிக்காரர் அதை வளைத்துக் காட்டினார். அது வளையவில்லை, பிஸ்கட் மாதிரி ஒடிந்தது.

"இதைப் போட்டா, புதுக் கண்ணாடியும் போயிடும் சார்."

"இருந்தாலும் அது கார் கூடவே வந்தது." ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

அடுத்தது, காய்கிற விவகாரம். "மாட்டினதும் ஒரு வாரமாவது காய விடணும், இல்லையா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு ஆசை.

"இதுல பசையே கெடையாது சார். ரப்பர்தான் பிடிச்சுக்குது. காயறதுக்கு என்ன இருக்கு?"

"இல்ல, ஒரு மரியாதைக்கு."

கண்ணாடிக்காரரின் மச்சான் காருக்குள் உட்கார்ந்து கயிற்றை இழுக்க வேண்டியவர். அவருக்காக இருக்கையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, சட்டைப் பையிலிருந்த பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"மூச்சு விடலாமா சார்?" என்று கேட்டார் மச்சான்.

"விடுங்க. கண்ணாடிப் பக்கமா விடாதீங்க."

கண்ணாடியை இரண்டு பேரும் தூக்கிச் சட்டத்தில் உட்காரவைத்தார்கள். மச்சான் உள்ளே போனார். கயிற்றின் இரண்டு முனையும் உள்பக்கம் தொங்கின. வேலை ஒன்றும் மந்திரமில்லை. உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு இரும்பு விளிம்பின்மேல் ஏறிப் படிந்துகொண்டே போகும். வெளியே இருப்பவர் அதே இடத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கூடவே போக வேண்டும். ஆரம்பித்தால் சீராகப் போக வேண்டும். முக்கியமாக, மூலையில்.

"இழு… இழு… மெதுவாடா, ஒங்கக்கா கூந்தலையா இழுக்கற?"

"அவளை இழுத்தா நான் உசுரோட இருப்பனா மாமா?"

கீழ் விளிம்பு முடிந்தது. கயிறு மூலையில் திரும்பியது. ரப்பர் பாதி ஏறியும் பாதி ஏறாமலும், கண்ணாடி தன் முழு அழுத்தத்தையும் அந்த ஒரு முனையில் வாங்கிக்கொண்டு நின்ற சமயம்.

"நிறுத்துங்க!"

பத்திரசாலிதான். மூன்றாவது கை பாய்ந்து வந்தது. கண்ணாடியில் ஒரு விரல் ரேகையைப் பார்த்துவிட்டார்! துணியை வைத்து அழுத்தித் தேய்த்தார். மூலையில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம்.

உள்ளே மச்சான் கயிறும் கையுமாகச் சிலையானார். உலகத்தில் மிச்சமிருந்த ஒரே கண்ணாடி, தன்னை மிகவும் நேசிப்பவர் கையால் உடையலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"கையை எடுங்க சார்," என்றார் கண்ணாடிக்காரர், மிகவும் மெதுவாக. "டேய், விடாத. இப்ப இழு."

ரப்பர் 'சளக்' என்று ஏறிப் படிந்தது. சத்தம் நின்றது. மனைவி வந்து கணவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார். இவர் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

மேல் விளிம்பும் ஏறி முடிந்து, கயிறு முழுசாக வெளியே வந்தபோது கண்ணாடி பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் நான்கு பக்கமும் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "தண்ணி அடிச்சுப் பாக்கணும்" என்றார்.

"தண்ணியா? கார் மேலயா?"

"மழை வந்தா ஒழுகுதான்னு தெரிய வேண்டாமா சார்?"

"மழையில நான் ஏன் எடுக்கப் போறேன்?"

வெயிலில் மட்டும் எடுத்துவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. மனைவி ஏற்கெனவே தோட்டக் குழாயைத் திறந்துவிட்டார். பத்திரசாலி வீட்டுக்குள் ஓடினார். திரும்பி வரும்போது அவர் கையில் அந்த மரக்கைப்பிடிக் குடை! அதை விரித்து, காரின் மூக்குக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தெளித்த தண்ணீர் குடையில் பட்டு உருண்டது. பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் குடை நனைந்தது. இவரும் வழக்கம்போல நனைந்தார்.

உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்காரர் சாவியைப் போட்டு வைப்பரை ஓடவிட்டுப் பார்த்தார். நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கினார்.

"முடிஞ்சுது சார். ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. காத்து சத்தம் வருதான்னு கேட்டுட்டு நாங்க கெளம்பறோம்." சாவியை நீட்டினார்.

"தெருவுல ஒரே தூசியா இருக்கு. நாளைக்கு…"

"நாளைக்கு வாங்கறவர் வர்றார்," என்றார் மனைவி.

பத்திரசாலி சாவியைப் பார்த்தார். வலது கையில் குடை. இடது கையில் துணி. குடையைக் கீழே வைத்தால் மண் ஒட்டும். துணியைக் கீழே வைத்தால் அழுக்காகும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். அவர் யோசித்து முடிக்க நேரமாகும். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கையில் எடுங்கள். பொத்தானில் இருக்கும் எண் தெரிகிறதா, பாலிதீன் உறை மங்கிப்போய் மறைக்கிறதா? பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும் அந்தச் சட்டை இன்னும் உங்கள் அளவுதானா? நல்ல நாளில் சொல்லலாம் என்று நீங்கள் வீட்டில் யாருக்காகவோ எடுத்து வைத்திருக்கும் நல்ல வார்த்தை எந்தப் பலகையில் இருக்கிறது? தலைக்கு நேர் மேலே இல்லையே?

சாவி இன்னும் நீட்டியபடியே இருந்தது. பத்திரசாலி வாயைத் திறந்தார்.

"அந்த சீட்ல பிளாஸ்டிக் தாள் இருக்கு. அதை எடுத்துடாதீங்க."

கண்ணாடிக்காரர் எதிரே இருந்த கைகளை ஒரு முறை பார்த்தார். குடை இருந்த கை, துணி இருந்த கை, அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் விரிந்திருந்த ஒரு கை. அந்தக் கையில் சாவியை வைத்தார்.

"கிளட்ச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும்க்கா. பாத்து எடுங்க."